மூச்சைப் பிடிக்கச் சொன்னவர்

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்று யாராவது என்னைக் கேட்டால், வெள்ளைக் கோட்டை நன்றாக இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வார் என்று சொல்வேன். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கும். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவரோடு ஆறு வருடம் வேலை பார்த்தேன். அவர் தலைமை எக்ஸ்ரே டெக்னீஷியன், நான் அவருக்கு அடுத்தவள். அங்கிருந்து வெளியே வந்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது பின்னாலிருந்து அதட்டினால் எனக்கு முதுகு விறைத்துக்கொள்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

காலை எட்டு மணிக்கெல்லாம் வராண்டாவில் கூட்டம் சேர்ந்துவிடும். கெடார், கண்டாச்சிபுரம், கண்டமங்கலம் என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இவர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டுவார்.

"யாருய்யா முட்டி? நீதானா? ஓரமா உக்காரு. நெஞ்சு ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஏம்மா இடுப்பு, உன்னத்தான், எழுந்திரு."

ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, "என் பேரு..." என்று மரியாதையாக ஆரம்பித்தார்.

"பேரெல்லாம் ரேஷன் கடையில சொல்லு. உனுக்கு எங்க வலிக்குது, அத்த சொல்லு."

வராண்டாவே சிரித்தது. அந்தப் பெரியவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கிராமத்துக்காரர்கள் சிரித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சட்டையை டக் இன் பண்ணிக்கொண்டு வருகிறவர்களிடம் "வாங்க சார், உக்காருங்க சார்" என்று குழைவார்.

பெண்களிடம் இன்னும் மோசம். நெஞ்சுப் படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் எந்தப் பெண்ணும் ஒரு நிமிடம் தயங்கத்தான் செய்வாள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, "கழட்டி வையிம்மா, எவனும் தூக்கிக்கினு போவமாட்டான்" என்று கத்துவார். வெளியே உட்கார்ந்திருக்கிற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, தாலியை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்வேன். படத்திலும் விழாது, அந்த அம்மாவுக்கும் மனது கஷ்டப்படாது. அவருக்கு அது பிடிக்காது.

"நீ இப்புடியே செல்லம் குடுத்துக்கினு இரு. ஒரு நாளு பேஷண்டு உன் தலைமேல ஏறி உக்காந்துக்குவான்."

அவர் குரல் தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்கும். "இழூ... பிடி! அசையாத! ...ம், விடு." டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தை உயரத் தூக்கி ஆற்றும்போது "பிடி, அசையாத" என்று சொல்லிக் காட்டுவார். தன் குரலைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. முப்பது வருடமாக அந்த நாலு வார்த்தையை வைத்துத்தான் வேலை செய்கிறேன், ஒரு படத்தைக்கூட இரண்டாவது தடவை எடுத்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்வார். வேலை தெரிந்தவர், அதை மறைக்கக் கூடாது. இடுப்பு உடைந்து வந்தவரை வலி தெரியாமல் புரட்டிப் படுக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் இரண்டாவது தடவை எடுக்காததற்குக் காரணம் அது இல்லை.

காரணம் ஒரு வரி. எங்கள் சென்டரில் படங்களைக் கம்ப்யூட்டர் வழியாகச் சென்னைக்கு அனுப்புவோம், அங்கே ஒரு டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். நோயாளியை அவர் பார்ப்பதே இல்லை. அதனால் படிவத்தின் அடியில் நோயாளி எப்படி ஒத்துழைத்தார் என்று டெக்னீஷியன் எழுத ஒரு இடம் உண்டு. படம் கலங்கினால் இவர் அங்கே மணிமணியான ஆங்கிலக் கையெழுத்தில், 'பேஷண்ட் நாட் கோஆபரேட்டிவ்' என்று எழுதிவிடுவார். முடிந்தது வேலை. கலங்கியதற்குப் பொறுப்பு நோயாளி.

கெடாரிலிருந்து வந்த ஒருவருக்கு இரண்டு காதும் கேட்காது. "பிடி" என்று இவர் தொண்டை கிழியக் கத்தியபோது அவர் சாவகாசமாகத் தன் வேஷ்டியைச் சரி செய்துகொண்டிருந்தார். படம் கலங்கிவிட்டது. வழக்கமான வரி. அவருடைய மருமகள் ஓடி வந்தாள்.

"சார், அவருக்கு காது கேக்காதுன்னு அப்பவே சொன்னனே சார்."

"என்கிட்ட சொல்லி இன்னாம்மா பிரயோஜனம்? டாக்டர் சீட்டுல எழுதி வாங்கிக்கினு வரணும்."

ஒருமுறை வோல்டேஜ் இறங்கிப் படம் மங்கியது. அதற்கும் அதே வரியைத்தான் எழுதினார். மின்சார வாரியம் செய்ததற்குக் காலில் கட்டுப் போட்ட ஒரு பால்காரர் பொறுப்பானார்.

இப்படி இருக்கும்போது எங்கள் சென்டர் முதலாளி டாக்டர் ஒரு புது மெஷின் வாங்கினார். அது நெஞ்சை அசையும் படமாக எடுக்கும். சாதாரண எக்ஸ்ரே ஒரு போட்டோ, இது சின்ன சினிமா. நோயாளி மூச்சை இழுத்து விடும்போது சில விநாடிகளுக்குள் வரிசையாகப் பல படங்கள் எடுத்து ஓட்டிக் காட்டும். விலா எலும்புகள் விரிவது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் இறங்கி ஏறுவது, எந்தப் பக்க நுரையீரல் ஒழுங்காக வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது, எல்லாம் தெரியும். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிப்பார்களே, இருமல்காரர்களால் அதைச் செய்ய முடியாது. அவர்கள் இதன் முன்னால் நின்று மூச்சு விட்டால் போதும்.

கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுத்தார். முதலில் சொன்னதே இதைத்தான்: "இதுல மூச்சை நிறுத்தச் சொல்லவே கூடாது சார். மூச்சு ஓடுறதைத்தான் நாம படம் எடுக்குறோம்."

இவர் அதைக் கேட்க அங்கே இல்லை. "என் சர்வீஸு இருக்கும் அந்தப் பையன் வயசு. எனுக்கு நெஞ்சு எடுக்க கத்துக் குடுக்குறானா?" என்று டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு நாளும் நான்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மெஷின் தானாகப் பேசும் குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அதை நிறுத்திவிட்டு, 'மெதுவாக இழுங்கள், மெதுவாக விடுங்கள், மறுபடியும்' என்று ஒரு தாளில் எழுதி பட்டனுக்கு மேலே ஒட்டினேன். அன்றிலிருந்து அந்த மெஷின் என் பொறுப்பு. அவர் என்னை டைரக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். "டைரக்டரம்மா, இன்னிக்கு எத்தன ஷூட்டிங்கு?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மில்லில் வேலை செய்தாள். மாமா இல்லை. பிளஸ் டூ படிக்கிற ஒரே மகள். நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், அங்கிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வந்து போனேன். அக்காவுக்கு முன்பு ஒரு தடவை டி.பி. வந்து மாத்திரையில் குணமாகி, வலது நுரையீரலில் அதன் தழும்பு இருந்தது. இப்போது இருமல் நிற்காமல் போய், ஸ்கேன் எடுத்ததில் இடது நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொன்னார். கட்டியை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் அப்புறம் வலது பக்கத்தை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும். தழும்பு விழுந்த அந்த வலது நுரையீரல் வேலை செய்கிறதா என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார். குழாயில் ஊதச் சொன்னார்கள். பாதி ஊதுவதற்குள் இருமி இருமிக் கண்ணீர் வந்துவிட்டது. அப்படியானால் அசையும் படம் எடுத்து வாருங்கள் என்றார்கள். நம் மெஷினே இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்றைக்கு முதலாளி டாக்டர் ஊரில் இல்லை. அக்காவை உள்ளே அழைத்துப் போகும்போது இவர் எதிரே வந்தார்.

"யாரு, உங்க அக்காவா? ஏம்மா முன்னாடியே சொல்லல? நம்ம வீட்டு கேஸு. நானே எடுக்குறேன். நீ போயி அந்த கால் ஒடிஞ்சவன பாரு, ஜல்தி."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. யாரையும் மதிக்காத மனுஷர் என் அக்காவை நம்ம வீட்டு கேஸு என்று சொல்லி அழைத்துப் போகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து அறையில் கால் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கத்தியது கேட்டது. தினமும் கேட்கிற சத்தம், காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

வெளியே வந்ததும் படிவத்தை என்னிடம் நீட்டிக் காட்டினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் 'கோஆபரேஷன் குட்' என்று எழுதியிருந்தார்.

"உங்க அக்கா மாதிரி பேஷண்டு கெடைக்காதும்மா. செல மாதிரி நின்னாங்க."

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நோயாளி நன்றாக ஒத்துழைத்தும் இரண்டு பக்க உதரவிதானமும் அசையவே இல்லை என்று எழுதியிருந்தது. புதுச்சேரி டாக்டர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வலது பக்கமும் செத்த மாதிரிதான் இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் மேசையிலேயே போய்விடுவார், மாத்திரையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று அக்காதான் கேட்டாள். அவர் அடுத்தவருடைய சீட்டைக் கையில் எடுத்தார்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்கா தன் மகளுக்கு கேஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக் கொடுத்தாள். ரேஷன் கார்டு எங்கே, பேங்க் புத்தகம் எங்கே என்று காட்டினாள். தீபாவளிக்கு எடுத்த புடவையை மடிப்புக்கூடக் கலைக்காமல் என் பெட்டியில் வைத்தாள். நான் அதை எடுத்து அவள் பெட்டியில் வைப்பேன். அவள் மறுபடியும் என் பெட்டியில் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா துவைத்த துணியெல்லாம் வாளியில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். நான் பின்னால் போனேன். இருமினாளே தவிர ஒரு படியில்கூட நிற்கவில்லை. இரண்டு பக்கமும் செத்துப்போன நுரையீரலை வைத்துக்கொண்டு ஒருத்தி ஈரத்துணியோடு எப்படி மாடி ஏறுவாள்?

"அக்கா, அன்னிக்கு படம் எடுக்கும்போது எப்புடி மூச்சு உட்ட?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். துணி காயப்போடும் கொடிக் கம்பத்தின் முன்னால் விறைப்பாக நின்று காட்டினாள்.

"நான் எங்கடி மூச்சு உட்டேன்? சார் இழுன்னாரு, இழுத்தேன். பிடின்னாரு, கண்ண மூடிக்கினு பிடிச்சிக்கினேன். விடுன்னு சொல்ற வரைக்கும் உடவே இல்ல. டி.பி. வந்தப்ப எத்தன தபா எடுத்தாங்க, எனுக்குத் தெரியாதா?"

பெருமையாகச் சொல்கிறாள். இருமல் வந்ததாம், அதைக்கூடத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டாளாம்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் போய் அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். விலா எலும்பு அசையவில்லை. உதரவிதானம் அசையவில்லை. நடுவில் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் பிடி என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பட்டனை அழுத்தியிருக்கிறார். பட்டனுக்கு மேலே நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது.

அவர் வந்ததும் சொன்னேன். கோபப்படாமல்தான் சொன்னேன்.

"சார், பிடின்னு சொன்னதால படம் அசையல சார். அந்தப் படிவத்துல ஒரு வரி மாத்தி எழுதிக் குடுங்க. மூச்சை நிறுத்தி எடுத்துட்டோம்னு. திரும்ப எடுத்துர்லாம். அக்கா உசுரு சார்."

அவர் கோட்டைப் போட்டு முதல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன் வரை மாட்டி முடித்தார்.

"முப்பது வருஷமா நான் போட்ட கையெழுத்த நானே அடிச்சது இல்ல. உங்க அக்காவுக்கு நுரையீரல் போயிட்டா அதுக்கு நான் இன்னா பண்றது?"

இதை ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். கை ஓங்கியிருப்பேன். ஓங்காமல் முதலாளி டாக்டர் அறைக்குப் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாம்மா, என் முன்னாடி எடு" என்றார்.

மறுநாள் நான் எடுத்தேன். டாக்டர் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இவர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மெதுவா இழு அக்கா. மெதுவா உடு. வீட்டுல இருக்குற மாதிரி." அக்கா முதலில் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, பட்டனைத் தொடாமலே நாலு தடவை பழக்கிவிட்டுத்தான் எடுத்தேன். திரையில் வலது நுரையீரல் மேலே தழும்போடு தெரிந்தது. அதன் அடியில் உதரவிதானம் சும்மா ஜம்மென்று இறங்கியது, ஏறியது. பால் பொங்கி அடங்குகிற மாதிரி. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டார்.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "என்னங்க இது?"

ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை அவர். "அன்னிக்கு அந்தம்மா பயந்துட்டாங்க சார். நான் சொன்னத சரியா வாங்கிக்கல. இன்னிக்குத்தான் கோஆபரேட் பண்ணாங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நெறித்தாள். அவளே முன்னால் வந்து அவரைக் கும்பிட்டாள்.

"ஆமாங்க சார். நான்தாங்க தப்பா பண்ணிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"பரவால்லம்மா" என்றார் அவர். "இனிமேலாவது சொல்றத காதுல வாங்கிக்கினு செய்யி."

அவர் என் அக்காவை மன்னித்தார்.

பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்போது நான் அக்காவிடம் கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யாரு தப்புன்னு எனுக்குத் தெரியாதாடி? அந்தாளு மொகம் கறுத்துப் போச்சு. திரும்ப அந்தப் பேப்பர எடுத்து இன்னாத்தையாவது எழுதிட்டா நான் எங்க போயி நிப்பேன்? எனுக்கு ஆபரேஷன் நடக்கணும். பொண்ணு பரீட்ச எழுதணும். அவருக்கு ஒரு வார்த்த வேணும், குடுத்துட்டேன். உடு."

புது ரிப்போர்ட்டைப் பார்த்துப் புதுச்சேரி டாக்டர் ஒப்புக்கொண்டார், ஆபரேஷன் நடந்தது. இடது நுரையீரலில் பாதியை எடுத்தார்கள். அக்கா இருக்கிறாள். மில் தூசுக்குப் போவதில்லை, வீட்டிலேயே டெய்லரிங் மெஷின் வைத்திருக்கிறாள். அந்தத் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மகளைக் காலேஜில் சேர்க்கப் போனாள். அதனால் நானும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சில மாதம் அவரோடு அதே சென்டரில் வேலையும் செய்தேன்.

ஒரு நாள் காலை பக்கத்து அறையில் ஒருவரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்திக்கொண்டே அவர் பேசுவது கேட்டது.

"ஒழுங்கா நில்லுய்யா. திண்டிவனத்துலேர்ந்து ஒரு அம்மா இப்புடித்தான், நான் சொன்னத கேக்காம உசுரையே உட்டுருக்கும். நான்தான் உடாம திரும்ப எடுக்க வச்சி காப்பாத்துனேன். இல்லன்னா இன்னேரம் போட்டோவுக்கு மால போட்டுருப்பாங்க. ம், இழூ... பிடி! அசையாத!"

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. கதவு சுவரில் இடித்தது. "அந்தம்மா என் அக்கா" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "பிடின்னு சொன்னது நீங்க. அவளுக்கு ஆபரேஷன் கெடையாதுன்னு ஆக்குனது நீங்க. அவ உங்ககிட்ட மன்னிப்பு கேட்டா, நீங்க வாங்கிக்கினீங்க."

அவர் முகம் கோணிக்கொண்டது. பட்டனை விட்டு எழுந்து என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். யாருகிட்ட பேசுற, நேத்து வந்தவ, வெளிய போ என்று என்னென்னவோ. வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டையில்லாமல் எக்ஸ்ரே தட்டில் மோவாயை வைத்து நின்றிருந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்து, இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போய் அவர் தோளைத் தொட்டேன்.

"உடுங்கண்ணே. உங்க பேரு இன்னா?"